ஆண்டைக் கேளாமல் அடுப்பைக் கேட்டோம்: பர்மாவில் வாழ்ந்த என் அப்பத்தாவின் நினைவாக

என் அப்பத்தா 2019 ஆம் ஆண்டில், தொண்ணூறு வயது நிறையச் சில மாதங்களே இருந்தபோது, ரங்கூனில் எங்கள் வீட்டில் காலமானார். பெகுவுக்கு அருகில் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூரில் பிறந்த அவர், போர்க்காலத்தில் பெற்றோருடன் புரோம் வரை போய்த் திரும்பியவர். திருமணமான பின் தாத்தாவின் ரயில்வே மாற்றல்களைத் தொடர்ந்து தாஸி, கலோ, மோல்மீன், ரங்கூன் என்று குடித்தனம் மாற்றினார். ஒரு முறை கப்பலில் சென்னைக்கும், முதுமையில் விமானத்தில் கல்கத்தாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தார். இத்தனை ஊர் கண்ட ஒருவரை அரசுத் தாள்களில் தேடினால் பெயர், தந்தை பெயர், கணவர் பெயர், தவறான ஒரு பிறந்த ஆண்டு ஆகியவற்றைத் தவிர எதுவும் கிடைப்பதில்லை. தாத்தா எந்த ஊரில் எந்த மாதம் வேலை ஏற்றார் என்பதற்குப் பணிப்பதிவேட்டில் வரி வரியாகச் சான்று உண்டு. அவர் வேலை ஏற்ற அன்று மாலைக்குள் அந்த ஊரில் தண்ணீர், விறகு, பால், அண்டை வீட்டு உறவு என எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, பிள்ளைகள் பசியின்றி உறங்கும்படி ஒரு வீட்டை நடத்திக் காட்டியவருக்கு எந்தப் பதிவேடும் இல்லை.

அந்தப் பதிவேட்டை நாமே எழுதிவிடலாம் என்று நானும் என் அத்தையும் முடிவு செய்து, அப்பத்தா நல்ல நினைவோடு இருந்த காலத்திலேயே ஒரு தடித்த நோட்டில் எழுதத் தொடங்கினோம். அப்படி எழுதியபோது எங்களுக்குப் பிடிபட்ட சில வழிகளை, வீட்டில் மூத்த பெண்களை வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் இங்கே சொல்கிறேன். கூடவே, ஊர் ஊராய்க் குடித்தனம் செய்வதில் அப்பத்தா கைக்கொண்ட முறைகளையும் சொல்ல வேண்டும். அவற்றை ஒதுக்கிவிட்டால் அவரைப் பற்றிச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

அப்பத்தாவிடம் எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் வராது. "வருஷமெல்லாம் உங்க தாத்தாவுக்குத்தான் தெரியும், தாயி" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொள்வார். ஆனால் தாஸியில் அடுப்பு எந்தத் திசையில் இருந்தது என்று கேட்டால் போதும், ஒரு மாலைப் பொழுது முழுவதும் பேசுவார். ரங்கூனிலிருந்து மாந்தலே போகும் பாதையில் உள்ள தாஸி ஒரு சந்திப்பு நிலையம். அங்கிருந்துதான் ஷான் மலைக்கு ரயில் ஏறும். மழை குறைந்த வறண்ட பூமி, பனையும் எள்ளும் நிலக்கடலையும் விளையும் இடம். அங்கே கிணற்று நீரில் பருப்பு வேகாது என்பதே அப்பத்தாவுக்கு அந்த ஊரைப் பற்றிய முதல் நினைவு. நீராவி எஞ்சினுக்கு நிரப்புவதற்காக ரயில்வே தொட்டியில் தேக்கி வைத்த நீரில் வெந்தது என்று ஒரு தெலுங்கு ஃபயர்மேனின் மனைவி சொல்லித் தந்ததும், அதன் பிறகு குளிக்கக் கிணற்று நீர், சமைக்கத் தொட்டி நீர் என்று குடங்களைப் பிரித்து வைத்ததும், அந்தக் குடங்களைச் சுமந்த காலத்தில் என் பெரியப்பா வயிற்றில் இருந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெரியப்பா பிறந்த ஆண்டு எங்களுக்குத் தெரியும். இப்படித்தான் தாஸிக்கு ஆண்டு கிடைத்தது.

கலோவுக்கும் அப்படியே. சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் அந்த மலையூரில் இட்லி மாவு ஒரே இரவில் பொங்காது. மாவுப் பானையைப் பழைய கம்பளியில் சுற்றி, அணைந்த அடுப்பின் சாம்பல் சூட்டுக்கு அருகில் வைத்தாலும் இரண்டு இரவுகள் ஆகுமாம். அடுத்த வீட்டு நேப்பாளப் பெண்மணி கடுகுக் கீரையைப் புளிக்க வைத்து உலர்த்தும் முறையைக் கற்றுக் கொடுத்தார். சந்தைக்கு வரும் ஷான் பெண்களிடமிருந்து கடலை மாவைக் காய்ச்சி உறைய வைக்கும் தோஃபுவைக் கற்றார். அந்தத் தோஃபுவில் சீரகமும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தாளித்து அவர் செய்த கூட்டு எங்கள் வீட்டில் இன்றும் கார்த்திகை மாதத்தில் உண்டு. மோல்மீனோ இதற்கு நேர்மாறு. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,800 மில்லிமீட்டர் மழை, அதுவும் மே முதல் அக்டோபர் வரையில் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கும் ஊர். அங்கே விறகு காய்வதில்லை. அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் கட்டி, இன்று எரிக்கும் நெருப்பின் சூட்டில் அடுத்த வாரத்து விறகைக் காய வைக்கும் முறையை அப்பத்தா அங்கே கற்றார். வடகமும் வற்றலும் தை, மாசிக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், பங்குனி உத்திரம் தாண்டினால் வானத்தை நம்பக் கூடாது என்பது அவர் வகுத்துக்கொண்ட கணக்கு.

ஆகவே முதல் வழி இதுதான். வாழ்நாள் முழுவதும் வீட்டை நடத்திய ஒருவரிடம் அவர் செய்த வேலையின் வழியாகவே கேட்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வந்தது, மாவு எத்தனை இரவில் பொங்கியது, எந்தக் குழந்தை அப்போது இடுப்பில் இருந்தது, அரிசி எந்தக் கடையில் வாங்கியது, யார் வீட்டில் கடன் கேட்கலாம், யார் வீட்டில் கேட்கக் கூடாது என்ற கேள்விகளுக்கு வரும் பதில்களில் ஊரும் காலமும் மனிதர்களும் தாமாகவே வந்து சேர்வார்கள். கேட்கும் இடமும் முக்கியம். நாற்காலியில் உட்கார வைத்து எதிரே கைப்பேசியை நீட்டினால் அப்பத்தா கோயில் விழாவில் பேசுகிறவர்போல இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்திவிடுவார். வெங்காயம் உரித்துக்கொண்டோ, கீரை ஆய்ந்துகொண்டோ இருக்கையில், கைப்பேசியை அம்மிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துப் பதிவு செய்ததில்தான் நல்ல பேச்செல்லாம் கிடைத்தது. பதிவு செய்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். தெரியாமல் பதிவதை நாங்கள் விரும்பவில்லை.

அவருடைய பிறந்த நாளைக் கண்டுபிடித்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பர்மாத் தமிழர் பலருக்கு இதே சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் 1932 என்று இருந்தது. பர்மாவில் பிறந்த கிழமையை யாரும் மறப்பதில்லை; பெயர் வைப்பதும், பகோடாவில் எந்த மூலையில் நீர் ஊற்றுவது என்பதும் கிழமையைப் பொறுத்தவை. அப்பத்தாவுக்குத் திங்கட்கிழமை என்று தெரியும், ரோகிணி நட்சத்திரம் என்று தெரியும், திருக்கார்த்திகைக்கு மறுநாள் என்று அவருடைய தாயார் சொன்னதும் நினைவிருந்தது. பெகுவைத் தரைமட்டமாக்கி ஷ்வேமாடோ பகோடாவைச் சரித்த பெரிய பூகம்பத்தின்போது தாம் தவழத் தொடங்கிய குழந்தை என்றும், வீட்டுக்கு வெளியே களத்தில் இலுப்பை எண்ணெய் விளக்கொளியில் அன்றைய இரவைக் கழித்ததாகத் தாயார் சொல்வார் என்றும் கூறினார். அந்தப் பூகம்பம் 1930 மே 5 ஆம் நாள் இரவில் நிகழ்ந்தது. அதற்கு முந்தைய கார்த்திகை, சுக்கில வருடத்தைச் சேர்ந்தது. அந்த வருடத்தில் திருக்கார்த்திகைக்கு மறுநாள் ரோகிணியும் திங்களும் சேர்ந்து வருவது 1929 நவம்பர் 18. கிழமை, நட்சத்திரம், மாதம் ஆகிய மூன்றும் ஒரு பொது நிகழ்ச்சியும் இருந்தால் பஞ்சாங்கக் கணக்கில் நாளைப் பிடித்துவிட முடியும். தமிழ் வருடப் பெயர் மட்டும் தெரிந்திருந்தால், அது 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய பர்மியத் தாள்களில் தேதி பர்மிய ஆண்டிலேயே இருக்கும். அந்த ஆண்டோடு 638 ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பர்மிய ஆண்டு ஏப்ரல் நடுவில், திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவின்போது, அதாவது நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே மாறுவதால், ஜனவரி முதல் அதுவரையுள்ள தேதிகளுக்கு மட்டும் 639 ஐக் கூட்ட வேண்டும். தாத்தாவின் பணிப்பதிவேட்டை இப்படித்தான் வாசித்தோம். திருமணத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. பர்மா விடுதலை பெற்றது 1948 ஜனவரி 4 இல். அதற்குப் பத்து நாள் கழித்துப் பிறந்த தையில் எனக்குக் கல்யாணம் என்று அப்பத்தா தெளிவாகச் சொன்னார்.

பெயர்களும் இப்படியே ஒழுங்குபடுத்தப்பட வேண்டியவை. கல்யாணப் பத்திரிகையில் தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர், கடவுச்சீட்டில் அதே பர்மியப் பெயரின் வேறோர் எழுத்துக்கூட்டல் என்று அப்பத்தாவுக்கு மூன்று வடிவங்கள் இருந்தன. ஒரே தாளில் எல்லா வடிவங்களையும், அவை இருக்கும் ஆவணத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி, அவர் இருக்கும்போதே அவரிடம் காட்டிச் சரிபார்த்து வைத்திருந்தோம். தாத்தாவின் ஓய்வூதியத்துக்கும், பின்னர் இறப்புப் பதிவுக்கும் அந்த ஒரு தாள் உதவியது போல வேறு எதுவும் உதவவில்லை. மூத்தவர் உயிரோடு இருக்கையில் இதைச் செய்யத் தயங்குகிறவர்கள் உண்டு. அவருடைய மனம் புண்படும் என்று நினைக்கிறார்கள். அப்பத்தாவுக்கோ தமது பெயர் இத்தனை தாள்களில் இருப்பதைப் பார்ப்பதில் மகிழ்ச்சியே இருந்தது.

இனி அவருடைய குடித்தன முறைகள். மாற்றல் உத்தரவு வந்ததும் பெட்டி, பாத்திரம் எல்லாம் சரக்குப் பெட்டியில் போகும். ஒரு மூட்டை மட்டும் அவர் காலடியிலேயே இருக்கும். முதல் வேளை மூட்டை என்று அதற்குப் பெயர். ஒரு சிறிய பானை, அரிவாள்மனை, தீப்பெட்டி, உப்பு, மஞ்சள், ஒரு வேளைக்கு அரிசியும் பருப்பும், காமாட்சி விளக்கு, திரி, ஒரு சீசா எண்ணெய், குழந்தைகளுக்கு ஒரு மாற்று உடுப்பு ஆகியவை அதில் இருக்கும். சரக்குப் பெட்டி தாமதமானாலும், 1948 இல் உள்நாட்டுப் போர் மூண்டபின் அடிக்கடி நடந்ததுபோலப் பாதை வழியில் உடைக்கப்பட்டாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் அன்றைய சோறு உறுதி. நான் மணமாகி வேறு வீட்டுக்குப் போனபோதும், என் தம்பி வேலைக்காக வெளிநாடு சென்றபோதும் அந்த மூட்டையை எங்களுக்கேற்ப மாற்றிக் கட்டிக்கொண்டோம். வீடு மாறுகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம்.

புதிய ஊரில் முதல் நாளே அண்டை வீட்டில் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அவருடைய இரண்டாவது வழக்கம். பலகாரம் செய்து கொண்டுபோய்க் கொடுப்பது பிறகு. முதலில் கொடுத்தால், வந்திருப்பவர் யாரோ பெரியவர் என்று எதிராளி ஒதுங்கிக்கொள்வார். ஒரு கரண்டி நெருப்போ, ஒரு குடம் தண்ணீரோ கேட்டால், கொடுத்தவருக்கு நம்மீது ஓர் உரிமை வந்துவிடும், அந்த உரிமைதான் நோய்நொடியில் கதவைத் தட்ட வைக்கும் என்பார். பர்மியர், காரென், ஷான், நேப்பாளி, சீனர் என்று எத்தனையோ வகை மக்களுக்கு நடுவே இந்த வழக்கம் அவருக்குப் பயன்பட்டது. மொழியைப் பொறுத்தவரை முதலில் எண்களைக் கற்பார், பிறகு காய்கறிப் பெயர்கள், பிறகு உறவு முறைகள். சந்தைக்குத் தமேன் என்ற பர்மியக் கைலியும் எஞ்சி என்ற மேற்சட்டையும் உடுத்தி, தனாக்கா மரப்பட்டையை அரைத்த குழம்பைக் கன்னத்தில் பூசிப் போவார். கோயிலுக்கும் நல்லது கெட்டதுக்கும் புடவை. எந்த உடையிலும் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

பணத்தை அவர் கையாண்ட முறைக்குக் காரணம் பர்மாவின் வரலாறே. ஜப்பானியர் ஆட்சியில் அச்சிட்ட ரூபாய் நோட்டுகள் 1945 இல் பிரிட்டிஷார் திரும்பியதும் வெறும் தாளாயின. 1964 மே மாதம், பர்மியப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாமற்போயின. 1985 நவம்பரில் 20, 50, 100. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள், இந்த முறை எவ்வித ஈடும் இல்லாமல். நான்கு முறை பணம் தாளாவதைக் கண்ட அப்பத்தா பெரிய நோட்டை ஓரிரவுக்கு மேல் வீட்டில் வைக்க மாட்டார். சில்லறையாகச் சிறு நோட்டு, மழைக்காலம் முழுவதற்கும் போதுமான அரிசி, எண்ணெய், உப்பு, விற்பதற்கு எளிதாகச் சின்னச் சின்னத் தோடும் மூக்குத்தியுமாகத் தங்கம் என்று பிரித்து வைப்பார். கனமான நகை அவசரத்துக்கு உதவாது, பாதியை விற்க முடியாதல்லவா என்பது அவர் கேள்வி. 2008 மே 2 இரவு நர்கிஸ் புயல் வந்து எங்கள் தெருவில் மரங்களும் கூரைத் தகடுகளும் கம்பங்களும் விழுந்து, மின்சாரமும் குழாய் நீரும் நின்றபோது, காற்றின் போக்கு மாறியதுமே அவர் நிரப்பச் சொன்ன பானை நீரும், அவர் சேமித்த அரிசியும் அடுத்தடுத்த வீடுகளுக்கும் கஞ்சியாயின.

சமையல் குறிப்புகளை எழுதுவதில் அளவுகளைக் கவனிக்காவிட்டால் எழுதியதே வீணாகும். பர்மாவில் வீசை என்பது ஏறக்குறைய 1.63 கிலோ, நூறு டிக்கல் சேர்ந்தது அது. தமிழ்நாட்டில் புழங்கிய பழைய வீசை 40 பலம், ஏறக்குறைய 1.4 கிலோ. அப்பத்தாவின் தாயார் ஊர்க் கணக்கில் சொன்ன குறிப்புகளும், அப்பத்தா பர்மாவில் கற்ற குறிப்புகளும் ஒரே சொல்லைச் சொல்லி இரு வேறு எடையைக் குறித்தன. ஊறுகாயில் உப்பு அந்த அளவுக்குக் குறைந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். அரிசிக்கோ, கெட்டிப் பால் டப்பாதான் அளவு. எட்டு டப்பா ஒரு பியீ, 16 பியீ ஒரு கூடை. கைப்பிடி, சிட்டிகை என்று சொல்பவற்றை அவர் கையாலேயே அள்ளச் சொல்லி, பானையில் விழுமுன் ஒரு தட்டில் வாங்கி நிறுத்து எழுதினோம். என் கைப்பிடியும் அவர் கைப்பிடியும் ஒன்றல்ல. ஒவ்வொரு குறிப்பிலும் எந்த ஊரில், யாரிடம் கற்றது என்றும் எழுதியிருக்கிறோம். மோல்மீனில் கற்ற பாலாச்சான் என்ற உலர்ந்த இறால் தொக்கு, ரங்கூனில் கற்ற மொய்ங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ், சிவகங்கைப் பக்கத்து மாமியாரிடம் கப்பலேறிப் போன அந்த ஒரு பயணத்தில் கற்ற கருவாட்டுக் குழம்பு என்று வாசித்தால், அவர் போன பாதை அந்தக் குறிப்புகளிலேயே தெரியும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்பதில்லை. 1941 டிசம்பர் 23 இல் ரங்கூனில் குண்டு விழுந்தபின் நான்கைந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். பலர் நடந்தே போனார்கள். புரோமில் ஆற்றைக் கடந்து அரக்கான் மலைத்தொடரின் வழியாகத் தௌங்குப்புக்குப் போகும் பாதையில் காலராவாலும் தாகத்தாலும் மாண்டவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அப்பத்தாவின் குடும்பமும் அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போய், பிணங்களைக் கண்டு திரும்பி, லெப்படானுக்கு அருகில் ஒரு பர்மிய விவசாயியின் வீட்டுப் பின்கட்டில் போர் முடியும்வரை தங்கியது. அந்த விவசாயி வீட்டைப் பற்றி, உப்புக் கிடைக்காமல் பட்ட பாட்டைப் பற்றி, சாக்கைக் கிழித்து உடுத்தியதைப் பற்றி எத்தனை முறை கேட்டாலும் சொல்வார். பாதையில் நடந்ததைக் கேட்டால் மட்டும், "அங்க ஒரு தம்பி இருந்தான்" என்பதோடு நிறுத்துவார். நாங்கள் பதிவை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்ப்போம். நோட்டிலும் அந்த ஒரு வரியே இருக்கிறது. அதற்கு மேல் எழுத எங்களுக்கு உரிமை இல்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

மூத்தவர் எழுதிய கடிதங்கள் அவருடைய வீட்டில் இருக்காது, கடிதத்தைப் பெற்றுக்கொண்டவர் வீட்டில்தான் இருக்கும் என்பது எளிய உண்மை. ஆனாலும் தேடுகிறவர்கள் முதலில் தங்கள் பெட்டியைத்தான் கிளறுகிறார்கள். கடைகளும் நிறுவனங்களும் அரசுடைமையானதைத் தொடர்ந்து, 1964 முதல் கப்பல் கப்பலாக இந்தியர் திரும்பியபோது அப்பத்தாவின் தங்கை குடும்பமும் போயிற்று. கையோடு எடுத்துப்போக அனுமதித்த நகையும் பணமும் சொற்பம். அவர்கள் திருச்சியில் தங்கிவிட, தாத்தா குடியுரிமை பெற்றிருந்ததால் நாங்கள் இங்கேயே இருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை; கடிதம் மட்டும் போய் வந்தது. அந்தக் கடிதங்களைச் சின்ன அப்பத்தா ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். பிள்ளைப்பேறு, பள்ளிக்கூடங்கள் அரசுடைமையானபின் கோயிலில் தமிழ் படிக்கப் பிள்ளைகளை அனுப்பியது, எண்ணெய் விலை, பீலிக்கான் முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்ட வேண்டுதல் என்று அந்தந்த வாரத்துச் செய்தி அந்தந்தத் தேதியோடு அவற்றில் இருக்கிறது. எங்கள் நோட்டின் நடுப்பகுதியை அந்த டப்பாதான் நிரப்பியது. 1990களில் கல்கத்தாவுக்கு விமானத்தில் போய் அங்கிருந்து ரயிலில் சென்னை சென்று, திருச்சி வீட்டு வாசலில் அப்பத்தா இறங்கியபோது இருவரும் முதலில் பேசியது ஒருவர் கூந்தலைப் பற்றி மற்றவர் என்று அத்தை சொல்வார், இருவருக்கும் நரைத்திருந்தது.

புகைப்படங்களின் பின்புறத்தில் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். மை முன்பக்கம் ஊறி வரும். ரங்கூனின் மழை ஈரத்தில் ஆல்பத்துத் தாள் படத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், மாசி வெயிலில் நிழலான இடத்தில் உலர்த்தி, நகலெடுத்து, ஒரு நகலைச் சிங்கப்பூரிலும் ஒன்றைத் திருச்சியிலும் வைத்திருக்கிறோம். இந்த நாட்டில் வாழ்கிறவர்கள் ஒரு நகலையாவது எல்லைக்கு வெளியே வைத்திருப்பது நல்லது.

கடைசிக் காலத்தில் நாங்கள் கற்ற ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்பத்தாவுக்கு நினைவு தளர்ந்தபோது, அறுபது எழுபது ஆண்டுகளாகச் சரளமாகப் பேசிய பர்மிய மொழியும், ரயில்வே குடியிருப்பில் கற்ற இந்துஸ்தானியும் முதலில் போயின. பிள்ளையாய் இருந்தபோது பேசிய தமிழ் மட்டும் நின்றது. மருத்துவமனையில் செவிலியர் பர்மிய மொழியில் கேட்பார்கள், அப்பத்தா தமிழில் பதில் சொல்வார், அவர் குழம்பிப் பேசுகிறார் என்று அவர்கள் எழுதிக்கொள்வார்கள். உண்மையில் தாகம் என்றுதான் சொல்லியிருப்பார். அத்தை ஓர் அட்டையில் தண்ணி, வலிக்குது, குளிருது, போதும், ஒண்ணுக்கு, விளக்க அணை என்ற சொற்களைப் பர்மிய எழுத்தில் ஒலிப்படி எழுதி, எதிரே பர்மியப் பொருளையும் எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டார். இளம் செவிலியர் ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்து, "தண்ணி வேணுமா, அப்பத்தா?" என்று கேட்கத் தொடங்கினார். தாய்மொழி வேறாக உள்ள நாட்டில் முதியவரை மருத்துவமனையில் சேர்க்க நேரிடும் எவரும், முதல் நாளே இப்படி ஓர் அட்டையை எழுதித் தொங்கவிடுங்கள். நோயாளி பேசுவதெல்லாம் பிதற்றல் அல்ல என்று அது ஒன்றே அவர்களுக்குப் புரிய வைக்கும்.

நோட்டில் வலப்பக்கம் அப்பத்தா சொன்னது, இடப்பக்கம் மற்றவர்கள் சொன்னது என்று முதலிலேயே பிரித்து வைத்தோம். எது சரி என்று தீர்ப்புச் சொல்லி ஒன்றை அடிப்பதில்லை. சின்ன அப்பத்தா திருச்சியிலிருந்து தொலைபேசியில் ஒவ்வொரு பக்கமாகக் கேட்டு, இன்றும் இடப்பக்கத்தை நிரப்பி வருகிறார். சென்னைக்குக் கப்பலில் போனபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவரும் உடன் போயிருந்தார். அப்போது அப்பத்தாவின் மடியில் இருந்தது அத்தை அல்ல, என் அப்பா என்கிறார் அவர். அப்படியானால் அந்தப் பயணம் இரண்டு ஆண்டு முந்தியதாகிவிடும். அத்தை இதை ஏற்கவில்லை. கப்பலின் மேல்தட்டில் தார்ப்பாய் ஒழுகியதும், தாத்தாவின் ஊர்க் கோயிலில் அந்த வாரம் குடமுழுக்கு நடந்ததும் இருவர் சொல்வதிலும் ஒத்துப்போவதால், அந்தக் குடமுழுக்கு எந்த ஆண்டில் நடந்தது என்று கல்வெட்டைப் பார்த்து எழுதும்படி சிவகங்கைப் பக்கத்து உறவினர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறோம்.